கவரிங் கம்மல் அரித்தவருக்கு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை ஆகுமா?

கடிதத்தின் சுருக்கம் (அடையாளங்கள் மாற்றப்பட்டுள்ளன)

தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து 58 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். இடது முழங்கால் மூட்டு தேய்ந்துபோய், மாற்று மூட்டு வைக்க இன்னும் இரண்டு மாதத்தில் நாள் குறித்திருக்கிறார்கள். அவருடைய பயமெல்லாம் தோலைப் பற்றியது. 11 ஆண்டுகளுக்கு முன் கர்ப்பப்பையை அகற்றியபோது, வயிற்றில் ஒட்டிய பிளாஸ்திரியை இரண்டாம் நாள் பிரித்ததும் தோல் உரிந்தது. பிளாஸ்திரி இருந்த இடம் மட்டும் சதுரமாகச் சிவந்து எரிந்தது. நான்கைந்து நாளில் ஆறிவிட்டது. இரண்டரை ஆண்டுகளுக்கு முன் வலது மணிக்கட்டு எலும்பு முறிந்து பிளேட் வைத்தார்கள். மருத்துவமனையில் இருந்த நான்கு நாளும் புண் சுத்தமாக இருந்தது. வீட்டுக்கு வந்தபின் பெட்டாடினால் துடைத்து, நியோஸ்போரின் பவுடரும் சோஃப்ராமைசின் ஆயின்மென்ட்டும் போட்டு வந்தார். மூன்றாம் நாள் அரிப்பு தொடங்கியது. பிறகு நீர் கசிந்து, ஒரு வாரத்தில் முழங்கை வரை தடித்துப் பரவியது. சீழ் பிடித்துவிட்டது என்று ஆன்டிபயாடிக் இருமுறை மாற்றப்பட்டது. பெட்டாடினை நிறுத்தியும் அடங்கவில்லை. பெட்னோவேட்-என் போட்டதும் ஒரு நாள் தணிந்து மறுபடி பொங்கியது. பூசுவது அத்தனையும் நிறுத்தி, ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்ட பிறகுதான் வற்றியது. கோப்பில் ‘அயோடின் அலர்ஜி’ என்று எழுதிவிட்டார்கள்.

இளம் வயதிலிருந்தே கவரிங் கம்மலும் சேஃப்டி பின்னும் பட்ட இடம் அரிக்கும். ஒருமுறை இறால் சாப்பிட்ட அரை மணி நேரத்தில் உடம்பெல்லாம் தடித்தது. இதையெல்லாம் கேட்ட மருத்துவமனை, “உங்களுக்கு மெட்டல் அலர்ஜி, தங்க நிறப் பூச்சுள்ள மூட்டுதான் வைக்க வேண்டும்” என்று கூடுதல் தொகை கேட்டிருக்கிறது. சில ஆயிரம் செலவழித்து எடுத்த ரத்த அலர்ஜிப் பரிசோதனையில் வீட்டுத் தூசி உண்ணியும் இறாலும் மட்டும் பாசிட்டிவ். “ஆபரேஷனே வேண்டாம்” என்கிறார் மகன். அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாமா, தங்க நிற மூட்டு தேவையா, அயோடின் ஆகாதவருக்கு எதைக்கொண்டு தோலைச் சுத்தம் செய்வார்கள், மணிக்கட்டில் உள்ள பிளேட்டை எடுத்துவிட வேண்டுமா என்று கேட்கிறார்.

தோல் மருத்துவரின் பதில்

வணக்கம் அம்மா. அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாம். நீங்கள் எழுதியிருப்பதில் அதைத் தடுக்கும் விஷயம் எதுவும் இல்லை. ஆனால் உங்கள் கோப்பில் எழுதியிருக்கும் ஒவ்வாமை பெரும்பாலும் தவறு. எழுத வேண்டிய ஒவ்வாமை அதில் இல்லை. இதைத் திருத்துவதற்கு இந்த இரண்டு மாதம் தாராளமாகப் போதும்.

எது எப்போது வந்தது, எதை நிறுத்தியும் நிற்கவில்லை என்று வரிசையாக எழுதியிருக்கிறீர்கள். தோல் ஒவ்வாமையில் ரத்தப் பரிசோதனையைவிட இந்த வரிசைதான் அதிகம் சொல்லும். எத்தனையாம் நாளில் தொடங்கியது, பட்ட இடத்தோடு நின்றதா பரவியதா, எரிந்ததா அரித்ததா? இந்த மூன்றையும் வைத்துப் பார்த்தால், உங்களுக்கு நடந்தவை ஒரே நோயின் பல முகங்கள் அல்ல என்பது தெரிகிறது.

வயிற்றில் நடந்தது ஒன்று, கையில் நடந்தது வேறு

கர்ப்பப்பை அறுவைக்குப் பின் வயிற்றில் வந்தது ஒவ்வாமை போலத் தெரியவில்லை. ஒவ்வாமை அரிக்கும், எல்லை தாண்டிப் பரவும், பிளாஸ்திரியை எடுத்த பிறகும் ஓரிரு நாள் கூடிக்கொண்டே போகும். உங்களுக்கு எரிந்தது, பிளாஸ்திரியின் அளவோடு நின்றது, எடுத்ததும் ஆறத் தொடங்கியது. பெட்டாடின் ஈரம் காயும் முன்பே மேலே பிளாஸ்திரியை ஒட்டினால், அந்த ஈரம் அடியில் அடைபட்டுத் தோலைப் புண்ணாக்கும். இழுத்துப் பிடித்து ஒட்டிய பிளாஸ்திரி, அடியில் வீக்கம் கூடும்போது தோலின் மேலடுக்கைத் தூக்கிக் கொப்புளமாக்கும். வெடுக்கென்று பிரித்தால் அந்த அடுக்கு அதோடு வந்துவிடும். இவை மூன்றுமே ஒட்டிய விதத்தாலும் பிரித்த விதத்தாலும் வரும் காயங்கள். முழங்காலிலும் இதே ஆபத்து உண்டு என்பதால் பின்னால் இதற்கு வருகிறேன்.

கையில் வந்தது உண்மையான ஒவ்வாமை. ஆனால் குற்றவாளி பெட்டாடின் இல்லை என்றே நினைக்கிறேன். மருத்துவமனையில் நான்கு நாள் பெட்டாடின் பட்டும் தோல் சும்மா இருந்தது. வீட்டில் புதிதாகச் சேர்ந்தவை பவுடரும் ஆயின்மென்ட்டும்தான். நியோஸ்போரினில் நியோமைசின் என்ற ஆன்டிபயாடிக் இருக்கிறது. கூடவே பாலிமிக்சின், பாசிட்ராசின். சோஃப்ராமைசினில் இருப்பது ஃப்ரமைசெட்டின். அது நியோமைசினின் ஒரு கூறுதான். ஒன்று ஆகாதவருக்கு மற்றதும் ஆகாது. பெட்னோவேட்-என் என்பதில் உள்ள அந்த ‘என்’ நியோமைசினைக் குறிப்பது. அதிலுள்ள ஸ்டீராய்டு ஒரு நாள் அரிப்பை அமுக்கியது, அதே களிம்பில் இருந்த நியோமைசின் மறுபடி கிளப்பிவிட்டது. அடங்குவதும் பொங்குவதுமாக நீங்கள் கண்டது இதனால்தான் இருக்க வேண்டும்.

“சமையலறையில் சுட்டுக்கொண்டால்கூட இருபது வருடமாக அதே ஆயின்மென்ட்தான், ஒருநாளும் ஒன்றும் செய்ததில்லையே” என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வகை ஒவ்வாமை முன்பு பழகாத பொருளுக்கு முதல் தடவையிலேயே இரண்டு மூன்று நாளில் வராது. பலமுறை பட்டு, உடலின் நோய் எதிர்ப்பு அணுக்கள் அதை அடையாளம் வைத்துக்கொண்ட பிறகே, அடுத்த முறை 1 முதல் 3 நாளுக்குள் கிளம்பும். அடையாளம் வைத்துக்கொள்ளவே 10 முதல் 14 நாள் ஆகும். ஆகவே ‘ரொம்ப நாளாகப் போடுகிறேன்’ என்பது ஒரு பொருளுக்குச் சாதகமான சாட்சி ஆகாது. அறுத்த புண், சுட்ட புண், நாள்பட்ட கால் புண் போன்ற திறந்த இடங்களில் போடும்போது இது இன்னும் சுலபமாக ஏற்படும். நம் ஊரில் வீட்டுக்கு வீடு இருக்கும் பவுடர் என்பதாலேயே இதைச் சந்தேகிக்க யாருக்கும் தோன்றுவதில்லை. எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம் இது.

இறால் கதை முற்றிலும் வேறு. அரை மணியில் தடித்தது உடனடி வகை ஒவ்வாமை. இறாலின் தசையிலுள்ள டிரோபோமயோசின் என்ற புரதத்துக்குப் பெரும்பாலும் வருவது. அதற்கும் அயோடினுக்கும் தொடர்பில்லை, மூட்டுக்கும் தொடர்பில்லை. நீங்கள் எடுத்த ரத்தப் பரிசோதனை இந்த உடனடி வகையை மட்டும்தான் பார்க்கும். உலோகம், ஆயின்மென்ட், பிளாஸ்திரிப் பசை ஆகியவற்றுக்கு வரும் தாமத வகையை அதில் காண முடியாது. அந்தக் காகிதத்தை அறுவை சிகிச்சை முடிவுக்குப் பயன்படுத்த வேண்டாம்.

‘அயோடின் அலர்ஜி’ என்ற முத்திரை

அயோடின் என்ற தனிமத்துக்கே ஒவ்வாமை என்று ஒன்று இல்லை. தினமும் சாப்பிடும் உப்பில் அது சேர்த்திருக்கிறது; தைராய்டு சுரப்பு உருவாக அது வேண்டும். பெட்டாடினுக்கு, அதாவது போவிடோன் அயோடினுக்கு, உண்மையான ஒவ்வாமை வருவதுண்டு, ஆனால் அரிது. அதனால் எரிச்சல் புண் வருவதுதான் அதிகம்.

இந்த முத்திரை உங்களைப் பல இடங்களில் துரத்தும். நாளைக்கு சிடி ஸ்கேனுக்கு அயோடின் கலந்த மருந்து ஏற்ற வேண்டியிருந்தால் ‘அயோடின் அலர்ஜி’ என்று தயங்குவார்கள்; அந்த மருந்தின் ஒவ்வாமைக்கும் பெட்டாடினுக்கும் சம்பந்தமில்லை. தியேட்டரில் பெட்டாடினைத் தள்ளிவிட்டு குளோர்ஹெக்சிடினுக்குப் போவார்கள். அது நல்ல கிருமிநாசினி, உங்களுக்கு அதைப் போடக்கூடாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் எந்த ஒவ்வாமையும் தராத பொருள் என்று நினைத்துவிட வேண்டாம். மிகச் சிலருக்கு நிமிடங்களில் ரத்த அழுத்தம் சரிந்து மூச்சுத் திணறும் அளவுக்குப் போகும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017இல் இதற்காகவே எச்சரிக்கை வெளியிட்டது. சாவ்லான், சில வாய் கொப்பளிக்கும் மருந்துகள், சிறுநீர்க் குழாய் நுழைக்கப் பூசும் சில ஜெல்கள் ஆகியவற்றில் அது இருக்கிறது. இவற்றில் எதையாவது பயன்படுத்தி எப்போதாவது உடனே தடித்திருந்தால் மயக்க மருந்து மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

பெட்டாடினைச் சோதிக்கும்போது ஒன்று கவனிக்க வேண்டும். அதை நேரடியாகத் தோலில் வைத்து மூடி ஒட்டினால் ஒவ்வாமை இல்லாதவருக்கும் சிவக்கும். முன்கையின் உட்புறத்தில் ஒரு ரூபாய் நாணய அளவு தடவி, மூடாமல் காயவிட வேண்டும். தினம் இருமுறை, ஏழு நாள். அரிப்பும் தடிப்பும் வரவில்லை என்றால் முத்திரையை நீக்கும்படி எழுத்தில் கேட்கலாம். இதைத் தோல் மருத்துவரின் பார்வையில் செய்யுங்கள்.

பேட்ச் டெஸ்ட்

இப்போது உங்களுக்குத் தேவையான ஒரே பரிசோதனை இதுதான். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் தோல் பிரிவுகள் பலவற்றிலும் செய்கிறார்கள். எந்த நாளில் வைக்கிறார்கள் என்று விசாரித்துவிட்டுப் போங்கள். சந்தேகப் பொருள்களைச் சிறு அலுமினியக் கிண்ணிகளில் வைத்து மேல் முதுகில் ஒட்டுவார்கள். ஊசி கிடையாது. திங்கட்கிழமை ஒட்டினால் புதன்கிழமை, 48 மணி நேரம் கழித்து, எடுத்துப் பார்ப்பார்கள். வெள்ளிக்கிழமை இரண்டாம் பார்வை. அடுத்த திங்கட்கிழமை மூன்றாம் பார்வை. இந்தக் கடைசிப் பார்வையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். உங்களுக்கு அதுதான் முக்கியம், ஏனென்றால் நியோமைசினும் உலோகங்களும் தாமதமாகத்தான் காட்டும்.

இந்தியாவில் வழக்கமாகப் பயன்படுத்தும் தொகுப்பிலேயே உங்களுக்கு வேண்டியவை பெரும்பாலும் இருக்கின்றன: நியோமைசின், ஜென்டாமைசின், நைட்ரோஃப்யூரசோன், நிக்கல், கோபால்ட், குரோமியம், பழைய வகைப் பிளாஸ்திரிகளில் இருக்கும் கொலோஃபோனி என்ற மரப்பிசின், கையுறை ரப்பரில் சேர்க்கும் தையூராம். மூட்டை எலும்போடு பிடித்து நிறுத்தும் எலும்பு சிமென்ட்டின் பொருள்களுக்குத் தனித் தொகுப்பு உண்டு; செயற்கை நகம், பல் பூச்சு, அறுவைப் பசை ஆகியவற்றால் அரிப்பு வந்தவர்களுக்கே அது வேண்டும். நீங்கள் அப்படி எதுவும் எழுதவில்லை.

போகும் முன் கவனிக்க வேண்டியவை:

ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டிருந்தால் நிறுத்தி இரண்டு வாரமாவது ஆகியிருக்க வேண்டும். வேறு நோய்க்காகச் சாப்பிடுகிறீர்கள் என்றால் நீங்களாக நிறுத்தக் கூடாது. முழங்காலுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் அந்தத் தேதியைச் சொல்லுங்கள். அது சோதனையை மழுங்கச் செய்யலாம். அதைவிட முக்கியமாக, மூட்டு மாற்றுக்கு முந்தைய மூன்று மாதத்தில் போட்ட ஊசி கிருமித்தொற்று ஆபத்தைக் கூட்டும் என்பதால் உங்கள் எலும்பு மருத்துவருக்கும் அது தெரிந்தாக வேண்டும். முதுகில் ஒரு வாரமாக எந்த ஸ்டீராய்டு களிம்பும் பூசியிருக்கக் கூடாது. செட்டிரிசின் போன்ற அரிப்பு மாத்திரையால் இந்தச் சோதனைக்குப் பாதகமில்லை.

அந்த ஒரு வாரமும் முதுகு நனையக் கூடாது. இடுப்புக்குக் கீழே குளித்து, மேலே துடைத்துக்கொள்ளுங்கள். வியர்த்தால் ஒட்டு நழுவும். நழுவிய இடத்தின் முடிவை நம்ப முடியாது, மறுபடி வைக்க வேண்டும். எண்ணெய்க் குளியல், வெயிலில் வேலை, எடை தூக்குவது எல்லாம் அடுத்த வாரத்துக்கு.

அந்த மருத்துவமனை பயன்படுத்தும் பிளாஸ்திரி, ஒளி ஊடுருவும் ஒட்டுப்படலம், காகிதப் பிளாஸ்திரி என்று ஒவ்வொன்றிலும் 2 சென்டிமீட்டர் துண்டு கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். அவற்றையும் அருகிலேயே ஒட்டச் சொல்லலாம். சாவ்லான், டெட்டால் போன்ற திரவங்களை மட்டும் வீட்டில் நீங்களாகத் துணியில் நனைத்துக் கட்டிச் சோதிக்க வேண்டாம். சுத்தமான தோலும் வெந்துவிடும்.

தங்க நிற மூட்டு

கவரிங் நகை அரிப்பு பெரும்பாலும் நிக்கலுக்கு வருவது. பேட்ச் டெஸ்டில் உங்களுக்கு நிக்கல் பாசிட்டிவ் வரும் என்றே எதிர்பார்க்கிறேன். அதைப் பார்த்துப் பதற வேண்டாம். காது குத்திய பெண்களில் ஏராளமானோருக்கு இது உண்டு. அவர்களில் பெரும்பாலோர் வழக்கமான மூட்டை வைத்துக்கொண்டு நன்றாக நடக்கிறார்கள்.

வழக்கமான முழங்கால் மூட்டின் தொடை எலும்புப் பகுதி கோபால்ட்-குரோமியம் கலவையால் ஆனது. அதில் ஏறத்தாழ 60 விழுக்காட்டுக்கு மேல் கோபால்ட், 30 விழுக்காட்டை ஒட்டிக் குரோமியம், கொஞ்சம் மாலிப்டினம்; நிக்கல் 1 விழுக்காட்டுக்கும் குறைவு. கீழே கெண்டைக்கால் எலும்பில் பொருத்தும் தட்டு அதே கலவையாகவோ டைட்டானியமாகவோ இருக்கும். நடுவில் பாலிஎத்திலீன் பிளாஸ்டிக். வியர்வையில் ஊறித் தோலில் உரசும் கம்மலும் எலும்பில் பதிந்த மூட்டும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. தோலில் வரும் ஒவ்வாமை, மூட்டிலும் வரும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. டென்மார்க்கில் மூட்டு மாற்றுப் பதிவேட்டையும் பேட்ச் டெஸ்ட் பதிவுகளையும் ஒப்பிட்டு 2015இல் வெளியான ஆய்வில், உலோக ஒவ்வாமை உள்ளவர்களுக்கு மூட்டைத் திரும்ப மாற்ற வேண்டிவருவது மற்றவர்களைவிட அதிகம் என்று தெரியவில்லை. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட முறை மாற்ற நேர்ந்த சிறு குழுவில் மட்டும் கோபால்ட், குரோமியம் ஒவ்வாமை கூடுதலாகக் காணப்பட்டது. அந்த ஒவ்வாமைதான் காரணமா, மறுபடி மறுபடி மாற்றியதால் வந்ததா என்பதை அதை வைத்துச் சொல்ல முடியாது.

ஆகவே என் யோசனை இது. நிக்கல் மட்டும் பாசிட்டிவ் என்றால் வழக்கமான மூட்டு போதும். கூடுதல் தொகைக்குக் கடன் வாங்க வேண்டாம். கோபால்ட்டோ குரோமியமோ தெளிவாக, அதாவது பேட்ச் டெஸ்ட் அறிக்கையில் இரண்டு கூட்டல் குறி (++) அளவுக்கு, வந்தால் மாற்று உலோக மூட்டைக் கேட்பது நியாயம். எதுவும் வராவிட்டால் இந்தப் பேச்சே முடிந்துவிடுகிறது.

மாற்று என்றால் எது என்பதையும் கேட்டுத் தெளிய வேண்டும். தங்க நிறம் பெரும்பாலும் டைட்டானியம் நைட்ரைடு பூச்சு, தங்கம் இல்லை. நான்ஸ்டிக் தோசைக்கல்லைப் போல, மேலே சில மைக்ரான் தடிமனுக்குப் பூச்சு, உள்ளே பெரும்பாலும் அதே கோபால்ட்-குரோமியம். இன்னொரு வகை ஆக்சிஜனேற்றம் செய்த சிர்கோனியம், கறுப்பாக இருக்கும். அதில் உள்ளே இருப்பதும் சிர்கோனியம்-நியோபியம் கலவை, நிக்கல் இல்லை என்றே சொல்லலாம். கோபால்ட்டைத் தவிர்ப்பதுதான் நோக்கம் என்றால் இரண்டாவதே பொருத்தம். “மேல்பூச்சு என்ன, உள்ளிருக்கும் உலோகம் என்ன, கீழ்த்தட்டு எதனால் ஆனது, உங்கள் கையில் எந்த மாடல் நன்றாகப் பழக்கம்?” என்ற நான்கையும் கேளுங்கள். கடைசிக் கேள்வி முக்கியமானது. மூட்டு தளர்வதும் வலிப்பதும் பெரும்பாலும் கிருமித்தொற்று, கோணல், நிலையின்மை ஆகியவற்றால்தான். மருத்துவருக்குக் கைவந்த மாடலை விட்டுப் பழகாத ஒன்றுக்குப் போவதிலும் ஆபத்து உண்டு.

விலையிலும் உங்களுக்கு உரிமை இருக்கிறது. தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் 2017 ஆகஸ்டில் முழங்கால் மூட்டுகளுக்கு உச்சவிலை வைத்தது: வழக்கமான கோபால்ட்-குரோமியத்துக்கு 54,720 ரூபாய், டைட்டானியம், ஆக்சிஜனேற்றம் செய்த சிர்கோனியம் போன்ற சிறப்பு உலோகத்துக்கு 76,600 ரூபாய், வரி தனி. பிறகு தொகைகள் திருத்தப்பட்டிருப்பதால் இன்றைய தொகையை ஆணையத்தின் அறிவிப்பில் பாருங்கள். ஆனால் இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் எந்த அளவில் இருக்க வேண்டும் என்பது இதிலேயே தெரிகிறது. பில்லில் மூட்டின் பெயர், தயாரிப்பாளர், தயாரிப்புத் தொகுதி எண், விலை ஆகியவை தனியாக இருக்கும்படி கேளுங்கள். பெட்டியில் வரும் ஸ்டிக்கர்களில் ஒரு தொகுதியை உங்கள் கோப்பில் ஒட்டி வாங்கிக்கொள்ளுங்கள்.

ரத்தத்தில் உலோக ஒவ்வாமை பார்க்கும் லிம்போசைட் சோதனை என்று ஒன்றை யாராவது சொல்லக்கூடும். இந்தக் கட்டத்தில் உங்களுக்கு அது தேவையில்லை.

மணிக்கட்டு பிளேட்டைத் தொட வேண்டாம். எலும்பு கூடிவிட்டது, வலியில்லை, மேலே தோல் நன்றாக இருக்கிறது என்கிறீர்கள். அதை எடுக்க இன்னொரு அறுவை எதற்கு? அது உங்களுக்குச் சாதகமான சாட்சியாகக்கூட இருக்கலாம். அறுவைக்குப் பயன்படும் துருப்பிடிக்காத எஃகில் நிக்கல் 13 முதல் 15 விழுக்காடு. உங்கள் பிளேட் அந்த எஃகு என்றால், மூட்டில் இருப்பதைவிடப் பல மடங்கு நிக்கல் கொண்ட உலோகத்தை இரண்டரை ஆண்டாக உடல் பொறுத்துக்கொண்டிருக்கிறது. டைட்டானியம் என்றால் இந்த வாதம் பொருந்தாது. எது என்று தெரிந்துகொள்ள அந்த மருத்துவமனையில் பதிவேட்டு நகல் கேளுங்கள். 2002ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிகளின்படி உள்நோயாளிப் பதிவுகளைச் சிகிச்சை தொடங்கியதிலிருந்து மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். உங்களுக்கு இன்னும் ஆறு மாதம்கூட இல்லை, எனவே இதை இந்த வாரமே செய்துவிடுங்கள்.

தியேட்டரிலும் வார்டிலும்

முடிவுகள் வந்ததும் ஒரு அட்டையில் எழுதி, எலும்பு மருத்துவர், மயக்க மருந்து மருத்துவர், வார்டு சிஸ்டர் மூவருக்கும் ஒவ்வொரு நகல் கொடுங்கள். ‘அலர்ஜி உண்டு’ என்று பொதுவாக எழுதினால் பயனில்லை. ‘நியோமைசின், ஃப்ரமைசெட்டின்: தோலில் தாமத ஒவ்வாமை, பேட்ச் டெஸ்டில் உறுதி, இந்தத் தேதி’ என்று இருக்க வேண்டும். இறாலைத் தனி வரியில் எழுதுங்கள்.

நியோமைசின் பாசிட்டிவ் ஆனால், எலும்பு சிமென்ட் பற்றி ஒரு பேச்சு அவசியம். சில சிமென்ட்களில் ஜென்டாமைசின் கலந்திருக்கும். நியோமைசின் ஆகாதவர்களில் கணிசமானோருக்குத் தோலில் ஜென்டாமைசினும் ஆகாது. ஜென்டாமைசின் சோதனை நெகட்டிவ் என்றால் கவலையில்லை. பாசிட்டிவ் என்றாலும், ஆன்டிபயாடிக்கே வேண்டாம் என்று நீங்கள் வற்புறுத்தாதீர்கள். வேறு மருந்து கலந்ததா, கலக்காததா என்பதை எலும்பு மருத்துவர் முடிவு செய்யட்டும். தோல் அரிப்பை நான் அடக்கிவிடுவேன். மூட்டுக்குள் கிருமி புகுந்தால் மூட்டையே எடுக்க நேரும்.

கிருமிநாசினி எதுவானாலும், பூசிய பின் இரண்டு மூன்று நிமிடம் தானாகக் காய வேண்டும். முழங்கால் அறுவையில் ரத்தப்போக்கைக் குறைக்கத் தொடையைச் சுற்றி டூர்னிக்கே என்ற இறுக்குப் பட்டை கட்டுவார்கள். வழியும் திரவம் அதன் அடியில் தேங்கினால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் தோல் வெந்து கொப்புளமாகிவிடும், பிறகு அதற்கும் ‘அலர்ஜி’ என்று பெயர் வரும். பட்டையின் கீழ் விளிம்பைப் பிளாஸ்டிக் ஒட்டால் அடைத்தால் இது நடக்காது. வயிற்றில் நடந்ததைச் சொல்லி இந்தக் கவனத்தைக் கேளுங்கள். எந்த மருத்துவரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

தோலை மூட ஸ்டேப்ளர் பின் போடுவது வழக்கம். இரண்டு வாரத்துக்குள் எடுத்துவிடுவார்கள். நிக்கல் ஒவ்வாமை உள்ள பெரும்பாலோருக்கு அது தொந்தரவு தராது. மனம் ஒப்பவில்லை என்றால் நைலான் தையல் கேட்கலாம். அறுவைப் பசையால் மூடுவது உங்களுக்குக் கட்டாயமில்லை. அந்தப் பசையின் ஒவ்வாமை ஒரு சிலருக்கு வெட்டு நெடுகச் சிவந்து கொப்புளித்துக் கிருமித்தொற்று போலவே தோன்றும் என்பதால், ஏற்கெனவே குழப்பம் உள்ளவருக்கு அதைத் தவிர்ப்பதே நல்லது என்பேன்.

கட்டின் மேல் ஒட்டும் பிளாஸ்திரியை இழுக்காமல், நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவி ஒட்ட வேண்டும். முழங்கால் மறுநாள் வீங்கும், மடங்கவும் வேண்டும். நெகிழாத பிளாஸ்திரி கொப்புளம் போடும். சிலிக்கோன் பசையுள்ள கட்டு கிடைத்தால் உங்கள் தோலுக்கு அது நல்லது. பிரிக்கும்போது தோலை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, தோலோடு ஒட்டியபடி மெதுவாக மடித்துக்கொண்டே வர வேண்டும். மேல்நோக்கி இழுக்கக் கூடாது.

அறுவைக்கு முந்தைய வாரங்களில் முழங்காலில் பற்று, இலைக்கட்டு, காந்தலான வலித் தைலம் எதுவும் வேண்டாம். அங்கே ஒரு புண் இருந்தாலே அறுவையைத் தள்ளிவைப்பார்கள். முந்தைய இரவு வீட்டில் பிளேடால் மழிக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் கிருமி தங்கும். தேவைப்பட்டால் மருத்துவமனையில் கிளிப்பரால் எடுப்பார்கள்.

வீட்டுக்கு வந்தபின்

இந்த முறை தையல் புண்ணில் எந்தப் பவுடரும், எந்த ஆன்டிபயாடிக் ஆயின்மென்ட்டும் வேண்டாம். சுத்தமாகத் தைத்த புண்ணுக்கு அவை தேவையில்லை. உலர்ந்த கட்டு போதும். கட்டு மாற்ற வருபவர் நல்லெண்ணத்தில் பையிலிருந்து பவுடரை எடுப்பார், அட்டையைக் காட்டுங்கள். வலைத்துணி வைப்பதானால் வெறும் பாரஃபின் தோய்த்தது என்று கேட்டு வாங்குங்கள். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் வேறு வலைத்துணிகளில் ஃப்ரமைசெட்டினோ குளோர்ஹெக்சிடினோ இருக்கும். கண், காதுச் சொட்டு மருந்துகளிலும், ஸ்டீராய்டோடு பல மருந்து கலந்த களிம்புகளிலும் நியோமைசின் ஒளிந்திருக்கும். வாங்கும்போது பெட்டியில் உள்ள மருந்துப் பெயரைப் படிப்பது இனி உங்கள் வழக்கமாகட்டும். மஞ்சளும் புண்ணில் வேண்டாம்.

அரித்துச் சிவந்து, காய்ச்சல் இல்லாமல், கட்டின் வடிவத்தில் தொடங்கினால் ஒவ்வாமை அல்லது எரிச்சல். ஒட்டியிருப்பதை எடுத்துவிட்டு, உப்புநீர்க் கரைசலால் துடைத்து, இரண்டு நாளுக்குள் தோல் மருத்துவரையும் அறுவை செய்தவரையும் பாருங்கள். புண்ணைச் சுற்றிய தோலுக்கு மோமெட்டசோன் போன்ற கலப்பில்லாத ஸ்டீராய்டு களிம்பு சில நாள் கொடுப்போம். புண்ணின் மேல் அல்ல. காய்ச்சல், நாளுக்கு நாள் கூடும் வலி, சீழ், திறந்துகொள்ளும் தையல் என்றால் அன்றைக்கே அறுவை மருத்துவரிடம் போக வேண்டும். ‘எனக்குத்தான் அலர்ஜி உண்டே’ என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். எந்த மருந்துக்கும் நிமிடங்களில் உடம்பு தடித்து, உதடு வீங்கி, மூச்சு இழுத்தால் 108.

மூன்று முதல் ஆறு மாதம் கழித்து ஒன்று வரக்கூடும். முழங்காலின் முன்னால் வெட்டும்போது ஒரு சிறு தோல் நரம்பின் கிளை அறுபடும். அதனால் தழும்பின் வெளிப்பக்கம் மரத்திருக்கும். சிலருக்கு அந்த மரத்த இடத்தில் மட்டும் தோல் வறண்டு, செதிலாகி அரிக்கும். உள்ளே வைத்த உலோகம்தான் வெளியே காட்டுகிறது என்று அப்போது யாராவது சொல்வார்கள். அது அந்த நரம்பு அறுந்ததால் வருவது. ஈரப்பதக் களிம்பும் இரண்டு மூன்று வார ஸ்டீராய்டு களிம்பும் போட்டால் அடங்கும். மூட்டை யாரும் தொட வேண்டியதில்லை.